அறிமுகமில்லாத மென்பொருளும் ஒரே ஒரு மடிக்கணினியும்

கேள்வி: பழைய ஒலிப்பதிவுகள் சில நூறு என்னிடம் இருக்கின்றன. இன்று என்னிடம் உள்ள எந்தப் பிளேயரிலும் அவை திறப்பதில்லை. அவற்றை வேறு வடிவத்துக்கு மாற்றித் தரும் சின்ன மென்பொருள் ஒன்றை நண்பர் ஜிப் ஃபைலாக அனுப்பியிருக்கிறார். எழுதியவர் யார் என்று அவருக்கும் தெரியவில்லை. என் ஆன்டிவைரஸ் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் இருப்பது ஒரே மடிக்கணினி; விண்டோஸ் 11 ஹோம், 8 ஜிபி ராம். குடும்பப் படங்கள், வங்கிக் கணக்கு, அலுவலக வேலை எல்லாம் இதில்தான். மென்பொருளை டி டிரைவில் இன்ஸ்டால் செய்து பார்த்துவிட்டு, ஏதாவது ஆனால் அந்த டிரைவை மட்டும் ஃபார்மட் செய்துவிடலாம் என்று நினைக்கிறேன். ஹார்ட் டிஸ்கில் வைரஸ் ஏறாமல் சோதிக்க இது போதுமா?

பதில்: போதாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே டி டிரைவ் திட்டத்தோடு என்னிடம் வருபவர்கள் நிறைய. அவர்களில் பாதிப் பேர் சோதித்து முடித்த பிறகுதான் வருகிறார்கள். நீங்கள் டபுள் கிளிக் செய்வதற்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள், அந்த மட்டில் நிம்மதி.

சி, டி என்பதெல்லாம் பெரும்பாலும் ஒரே ஹார்ட் டிஸ்கில் நாம் போட்டுக்கொண்ட கோடுகள். ஒரு மென்பொருள் எந்த டிரைவில் உட்கார்ந்திருக்கிறது என்பதற்கும், அது எதையெல்லாம் தொடலாம் என்பதற்கும் சம்பந்தமே இல்லை. யார் பெயரில் அது ஓடுகிறதோ, அவருக்குள்ள உரிமை முழுவதும் அதற்கும் உண்டு. நீங்கள் லாகின் செய்து ஓட்டினால், உங்களால் திறக்க முடிந்த ஒவ்வொரு ஃபைலையும் அதுவும் திறக்கலாம், அழிக்கலாம், வெளியே அனுப்பலாம். இன்ஸ்டால் செய்யும்போது, கணினியில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கலாமா என்று விண்டோஸ் கேட்கும் இடத்தில் 'ஆம்' என்று அழுத்திவிட்டால் இன்னும் மோசம். அதற்குப் பிறகு டி டிரைவை ஃபார்மட் செய்வது, திருடன் வந்துபோன வீட்டில் அவன் முதலில் நின்ற வாசலை மட்டும் கழுவிவிடுவது போலத்தான்.

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு நம்பிக்கைகள் உண்டு. ஒன்று, புதிதாக ஒரு யூசர் அக்கவுண்ட் திறந்து அதில் ஓட்டுவது. அட்மின் உரிமை இல்லாத அக்கவுண்ட் என்றால் உங்கள் சொந்த ஃபோல்டர்களை அது சுலபமாகத் தொட முடியாது. அந்த அளவுக்குப் பயன்தான். ஆனால் இன்ஸ்டாலர் அட்மின் பாஸ்வேர்டு கேட்டு, நீங்களும் கொடுத்துவிட்டால் அந்தச் சுவர் இல்லை. இரண்டாவது, சிஸ்டம் ரீஸ்டோர். அது விண்டோஸின் அமைப்புகளைப் பின்னுக்குக் கொண்டுபோகுமே தவிர, உங்கள் படங்களையும் ஆவணங்களையும் மீட்டுத் தராது. போதாததற்கு, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வகைகள் பலவும் உள்ளே நுழைந்ததும் செய்கிற முதல் வேலைகளில் ஒன்று, அந்த மீட்புப் பிரதிகளை அழிப்பதுதான்.

உங்கள் கேள்வியில் 'ஹார்ட் டிஸ்கில் வைரஸ் ஏறாமல்' என்று இருக்கிறது. இந்தச் சொற்றொடரே கொஞ்சம் பழைய காலத்தது. 1986இல் வந்த பிரெய்ன் வைரஸ் ஃபிளாப்பியின் பூட் செக்டரில், அதாவது கணினி துவங்கும்போது முதலில் படிக்கும் பகுதியில், போய் உட்கார்ந்தது. 1998இல் வந்த சிஐஎச், ஹார்ட் டிஸ்கின் தொடக்கப் பகுதியை அழித்ததோடு நிற்காமல் மதர்போர்டில் இருந்து கணினியைத் துவக்கிவைக்கும் பயாஸ் சிப்பையும் எழுதிக் கெடுத்தது. அந்தத் தலைமுறையில் கணினி கற்றவர்களுக்கு வைரஸ் என்றால் டிஸ்கில் ஒட்டிக்கொள்ளும் அழுக்கு, துடைத்தால் போய்விடும். இன்று அதிகம் புழங்குவது வேறு சரக்கு. தகவல் திருடும் நிரல்கள், எங்கள் தொழிலில் ஸ்டீலர் என்போம், பிரௌசர் சேமித்து வைத்திருக்கும் பாஸ்வேர்டுகளையும், நீங்கள் லாகின் செய்திருப்பதற்கு அடையாளமான குக்கிகளையும் அள்ளி, சில நிமிடங்களில் வெளியே அனுப்பிவிட்டு, தன்னையும் அழித்துக்கொண்டு போய்விடும். மறுநாள் ஹார்ட் டிஸ்கை எதை வைத்துத் துருவினாலும் சுத்தமாகத்தான் தெரியும். மின்னஞ்சல் கணக்கு மட்டும் வேறொருவர் கையில் இருக்கும்.

அதனால் நான் கேட்கச் சொல்லும் கேள்வி, டிஸ்கில் எது ஏறும் என்பதில்லை. இந்த மென்பொருள் ஓடுகிற அந்த நேரத்தில் அதன் கைக்கு எதெல்லாம் எட்டும்? கீழே சொல்லும் ஒவ்வொரு வழியையும் இந்த ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போடப் போகிறேன்.

அதற்கு முன், இந்த மென்பொருள் உங்களுக்குத் தேவைதானா என்று பார்த்துவிடுவோம். பதிவுகளில் ஒன்றை எடுத்து மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். ஃபைலின் பெயர் முடிவில் விநோதமான எழுத்துகள் இருந்தாலும் உள்ளே இருப்பது சாதாரண வடிவமாக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்புறம் எஃப்எஃப்எம்பெக். 2000இல் ஃபப்ரீஸ் பெல்லார் தொடங்கிய திறமூல மென்பொருள் இது. ஒலி, காணொளி வடிவங்கள் நூற்றுக்கணக்கில் இதற்கு அத்துப்படி. பழைய டிக்டேஷன் கருவிகள் எழுதிய டிஎஸ்எஸ் ஃபைல்களில் எஸ்பி வகையைக்கூட இது படிக்கும். கருப்புத் திரையில் கட்டளை தட்ட வேண்டியிருப்பதால் பலர் பயந்து ஒதுங்குகிறார்கள். ஆனால் யார் எழுதினார் என்றே தெரியாத ஒன்றை ஓட்டுவதைவிட, மூல நிரல் முழுவதும் பொதுவில் கிடக்கும் ஒன்றோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டுவது மேல். இதில் வேலை முடிந்துவிட்டால் இந்தப் பதிலின் மீதியை நீங்கள் படிக்கவே தேவையில்லை.

முடியவில்லையா? சரி, நண்பரின் ஜிப்புக்கு வருவோம்.

விண்டோஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ஃபைல் பெயர்களின் பின்னொட்டு தெரியும்படி முதலில் மாற்றுங்கள். தானாக விட்டால் விண்டோஸ் அதை மறைத்துவிடும். பிடிஎஃப் போலவோ பாட்டு போலவோ தோன்றும் ஃபைல் உண்மையில் இஎக்ஸ்இ ஆக, அதாவது கிளிக் செய்ததும் ஓடும் நிரலாக இருக்கலாம். அடுத்து, ஜிப்புக்குப் பாஸ்வேர்டு போட்டு, அந்தப் பாஸ்வேர்டைக் கூடவே எழுதி அனுப்பியிருக்கிறார்களா என்று பாருங்கள். பூட்டிய ஜிப்புக்குள் ஆன்டிவைரஸ் எட்டிப் பார்க்க முடியாது. உங்கள் ஆன்டிவைரஸ் ஒன்றும் சொல்லாததற்கு இதுவேகூடக் காரணமாக இருக்கலாம். கூடவே வரும் ரீட்மீ ஃபைலில், ஓட்டுவதற்கு முன் ஆன்டிவைரஸை நிறுத்திவிடுங்கள் என்று எழுதியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், அப்படியே அழித்துவிடுங்கள்.

அப்புறம் வைரஸ்டோட்டல். 2004இல் ஸ்பெயினில் தொடங்கி, 2012இல் கூகுள் வாங்கிய சேவை. ஒரு ஃபைலை எழுபது சொச்சம் ஆன்டிவைரஸ்களிடம் ஒரே நேரத்தில் காட்டும். ஃபைலை ஏற்றுவதற்கு முன் அதன் ஹேஷை மட்டும் கொடுத்துத் தேடிப் பாருங்கள். ஹேஷ் என்பது ஃபைலின் கைரேகை மாதிரி. எஸ்எச்ஏ-256 என்ற முறையில் 64 எழுத்தும் எண்ணும் கலந்து வரும். 7-ஜிப் வைத்திருந்தால் ரைட் கிளிக் மெனுவிலேயே அதைக் கணக்கிடும் வசதி இருக்கிறது. இதில் எல்லோரும் பார்ப்பது எத்தனை ஆன்டிவைரஸ் சிவப்புக் காட்டின என்பதை. நான் முதலில் பார்ப்பது, அந்த ஃபைல் அங்கே முதன்முதலில் எப்போது வந்தது என்ற தேதியை. எட்டு வருடமாக அங்கே கிடந்தும் யாரும் குறை சொல்லாத ஃபைலுக்கும், நேற்று முளைத்து இன்று குறை சொல்லப்படாத ஃபைலுக்கும் நிறைய வித்தியாசம். எழுபதில் ஒன்றிரண்டு மட்டும் பொத்தாம்பொதுவான பெயரில் சந்தேகப்பட்டால் அது தவறான எச்சரிக்கையாகவும் இருக்கலாம், சின்ன டெவலப்பர்களின் மென்பொருள்களுக்கு இது அடிக்கடி நடக்கும். இருபது முப்பது சொன்னால் விவாதத்துக்கு இடமே இல்லை. ஒரு விஷயம்: அங்கே ஏற்றும் ஃபைல்கள் பாதுகாப்பு நிறுவனங்களோடும் ஆய்வாளர்களோடும் பகிரப்படும். மென்பொருளை ஏற்றுங்கள், உங்கள் சொந்த ஆவணங்களை ஏற்றாதீர்கள்.

மென்பொருளை வெளியிட்டவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்து இருந்தால் நல்லது. ஆனால் அது இருந்துவிட்டால் போதும் என்றும் சொல்ல மாட்டேன். 2017 ஆகஸ்டில், கணினியைச் சுத்தம் செய்யும் மென்பொருளான சிகிளீனரின் 5.33 பதிப்பு, அதன் தயாரிப்பாளரின் முறையான கையெழுத்தோடு, அவர்களுடைய சர்வரிலிருந்தே, உள்ளே தீநிரலைச் சுமந்துகொண்டு வெளியானது. 22 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் அது இறங்கிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

இத்தனையும் பார்த்தும் சந்தேகம் தீரவில்லை, தீரவும் தீராது என்றால்தான் ஓட்டிப் பார்க்கும் இடத்தைப் பற்றிய பேச்சு.

விண்டோஸிலேயே சாண்ட்பாக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, 2019 மே மாதம் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து. ஒரு ஜன்னலுக்குள் புத்தம்புதிய விண்டோஸ் திறக்கும். உள்ளே என்ன செய்தாலும் ஜன்னலை மூடியதும் எல்லாம் மறைந்துவிடும். அருமையான ஏற்பாடு. உங்களுக்குத்தான் கொடுப்பினை இல்லை: ப்ரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் மட்டுமே உண்டு, ஹோமில் கிடையாது. ப்ரோ வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. தானாகத் திறக்கும் சாண்ட்பாக்ஸில் இணைய இணைப்பும், வெளியே காப்பி செய்ததை உள்ளே பேஸ்ட் செய்யும் கிளிப்போர்டும் திறந்தே இருக்கும். இரண்டையும் ஒரு சின்ன அமைப்பு ஃபைல் எழுதி மூடலாம், நாலைந்து வரிதான். மூடாமல் சோதித்தால், பாஸ்வேர்டு மேனேஜரிலிருந்து நீங்கள் சற்றுமுன் காப்பி செய்த பாஸ்வேர்டு உள்ளே இருப்பதன் கண்ணிலும் படும்.

ஹோம் பதிப்பில் எளிதாக ஓடும் இன்னொன்று சாண்ட்பாக்ஸி. 2004இல் வந்தது, கை மாறிக் கை மாறி 2020இல் திறமூலமாகிவிட்டது. எளிமையானது, ராமையும் தின்னாது. பலரும் உங்களுக்கு இதைத்தான் முதலில் சிபாரிசு செய்வார்கள். எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. உள்ளே ஓடும் மென்பொருள் எழுத முயல்வதை எல்லாம் இது தனி ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். அதனால் ஹார்ட் டிஸ்கில் எதுவும் ஏறாது என்பது உண்மை. ஆனால் வழக்கமான அமைப்பில், உங்கள் உண்மையான ஃபைல்களைப் படிப்பதை இது பொதுவாகத் தடுப்பதில்லை. எழுதுவதற்குத்தான் தடை. ஸ்டீலருக்கு எழுத வேண்டிய தேவையே இல்லையே, படித்து அனுப்பினால் போதுமே! டிஸ்க் பத்திரமாக இருக்கும், டிஸ்கில் இருந்த ரகசியம் போய்விடும். எங்கே என்னென்ன குப்பையைப் போடுமோ என்று பயப்படும் மென்பொருளுக்கு சாண்ட்பாக்ஸி சரி. யார் எழுதினார் என்றே தெரியாததற்கு வேண்டாம்.

லினக்ஸை பென் டிரைவிலிருந்து துவக்கி, வைன் மூலம் விண்டோஸ் மென்பொருளை ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். வைன் பாதுகாப்புக் கூண்டு கிடையாது. அது வழக்கமாக லினக்ஸின் மொத்த ஃபைல் மரத்தையும் இசட் டிரைவ் என்ற பெயரில் உள்ளே காட்டும். ரான்சம்வேர் அங்கேயும் ஒழுங்காக வேலை செய்யும். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்தால் பரவாயில்லை. இன்றைய மடிக்கணினிகளில் அதைக் கழற்றுவது லேசான வேலையா என்ன?

உங்களுக்கு நான் சொல்வது மெய்நிகர் கணினி, வழக்கில் வர்ச்சுவல் மெஷின். ஆரக்கிளின் வர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோவும் 2024 நவம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசம். எனக்கு வர்ச்சுவல்பாக்ஸ் பழகிய கை என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

இது எப்படிக் காப்பாற்றுகிறது என்று புரிந்துகொண்டால் அமைப்பதும் எளிது. மெய்நிகர் கணினியின் ஹார்ட் டிஸ்க் என்பது உங்கள் உண்மையான டிஸ்கில் இருக்கும் ஒரே ஒரு பெரிய ஃபைல். உள்ளே ஓடும் விண்டோஸுக்கு அதுதான் உலகம். உள்ளிருக்கும் நிரல் பூட் செக்டரை எழுதினாலும், முழு டிஸ்கையும் ஃபார்மட் செய்தாலும், அந்த ஒரு ஃபைலுக்குள்தான் ரகளை. உங்கள் படங்களும் பிரௌசரும் அதன் கண்ணுக்கே தெரியாது. ஸ்னாப்ஷாட் என்ற வசதி அந்த ஃபைலின் நிலையை ஒரு கணத்தில் நிறுத்திப் பிடித்து வைக்கும். பிறகு என்ன ஆனாலும் ஒரு கிளிக்கில் அந்தக் கணத்துக்குத் திரும்பலாம்.

உங்கள் கணினிக்கு இது சற்று இறுக்கம்தான். விண்டோஸ் 11 உள்ளே ஓட 4 ஜிபி ராம், 64 ஜிபி டிஸ்க் கொடுக்க வேண்டும். டிஸ்க் இடம் முழுவதும் உடனே நிரம்பாது, பயன்படுத்தப் பயன்படுத்த வளரும். மீதி 4 ஜிபியில் உங்கள் விண்டோஸ் சமாளிக்க வேண்டும் என்பதால், சோதிக்கும் நேரத்தில் பிரௌசர் உட்பட எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியுவைக் கிளிக் செய்தால், வர்ச்சுவலைசேஷன் இயங்குகிறதா என்று காட்டும். இல்லையென்றால் பயாஸில் போய் இயக்க வேண்டும். உள்ளே போட விண்டோஸுக்குத் தனி உரிமம் வாங்கத் தேவையில்லை. மைக்ரோசாஃப்ட்டே 90 நாள் மதிப்பீட்டுப் பதிப்பைத் தருகிறது. வர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் கீழ் ஓரத்தில் ஆமைப் படம் ஒன்று தெரிந்தால் பதறாதீர்கள். உங்கள் விண்டோஸின் சொந்த மெய்நிகர் கணினி அடுக்கான ஹைப்பர்-வி இடையில் நிற்பதால் மெதுவாக ஓடுகிறது என்பதற்கான அடையாளம் அது. அந்த ஆமையை விரட்டுவதற்காக மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பை நிறுத்தச் சொல்லும் யோசனைகளைக் கேட்காதீர்கள். சில நூறு ஃபைல்களுக்கு ஆமை வேகம் போதும்.

இனி கதவுகள். மெய்நிகர் கணினி அமைத்தவர்களில் பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான், நானும் விட்டிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ரான்சம்வேர் மாதிரியை ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாக அமைத்திருந்தேன், ஃபைலை உள்ளே கொண்டுபோகத் திறந்த ஷேர்டு ஃபோல்டரை மூட மறந்ததைத் தவிர. அது உள்ளிருந்தே அந்த ஃபோல்டரைக் கண்டுபிடித்து, வெளியே என் டிஸ்கில் இருந்த ஃபைல்களைப் பூட்டிவிட்டது. அதன் தரப்பில் பெரிய சாமர்த்தியம் எதுவும் தேவைப்படவில்லை. கண்ணில் பட்ட ஒரு டிரைவில் எழுதியது, அவ்வளவுதான். பேக்கப் இருந்ததால் தப்பித்தேன்.

எனவே ஷேர்டு ஃபோல்டர் கூடாது. கிளிப்போர்டு பகிர்வும், இழுத்துப் போடும் வசதியும் நிறுத்தியே இருக்கட்டும். கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற துணை மென்பொருளை உள்ளே போடாவிட்டால் இந்த மூன்று கதவுகளும் வேலையே செய்யாது. அப்படியானால் நண்பரின் ஜிப் உள்ளே போவது எப்படி? மெய்நிகர் கணினியின் சிடி டிரைவ் மெனுவில், உங்கள் ஃபைல்களை வைத்து விசோ என்ற போலி சிடி ஒன்றை உருவாக்கும் வசதி இருக்கிறது. அந்த ஜிப்பையும், பதிவுகளின் பிரதிகளையும் அதில் போட்டுச் செருகுங்கள். உள்ளே படிக்க முடியும், திரும்ப எழுத முடியாது. பிரதிகள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். மூலப் பதிவுகளை இதன் கையில் கொடுக்காதீர்கள். இன்னொன்று, உள்ளே இருக்கும் விண்டோஸில் உங்கள் மின்னஞ்சலில் லாகின் செய்து ஜிப்பை இறக்கும் குறுக்குவழி வேண்டவே வேண்டாம். பூட்டிய அறைக்குள் சாவியை நாமே கொண்டுபோய் வைப்பது போல ஆகிவிடும்.

அடுத்தது நெட்வொர்க். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வானாக்ரை என்ற ரான்சம்வேர் யாரும் எதையும் கிளிக் செய்யக் காத்திருக்கவில்லை. விண்டோஸின் ஃபைல் பகிர்வுச் சேவையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு கணினியிலிருந்து பக்கத்துக் கணினிக்குத் தானாகவே தாவியது. மெய்நிகர் கணினியை பிரிட்ஜ்டு என்ற முறையில் இணைத்தால், உங்கள் வைஃபையில் இன்னொரு கணினி சேர்ந்தது போலத்தான். வழக்கமாக வரும் என்ஏடி முறை அதைவிடப் பரவாயில்லை, ஆனாலும் உள்ளிருந்து வெளியே போகும் பாதை திறந்தே இருக்கும். விண்டோஸை நிறுவி, அப்டேட் முடிந்ததும், நெட்வொர்க் அமைப்பில் இணைப்பு இல்லை என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்த நிலையில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். ஒலி ஃபைலை மாற்றும் மென்பொருளுக்கு இணையம் எதற்கு? இணைப்பு இல்லாமல் ஓட மாட்டேன் என்று அது அடம்பிடித்தால், அதுவே உங்களுக்குக் கிடைத்த பதில்.

இப்போது ஓட்டுங்கள். ஆர்வம் இருந்தால், மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ஆட்டோரன்ஸை ஓட்டுவதற்கு முன் ஒருமுறை, ஓட்டிய பின் ஒருமுறை திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். விண்டோஸ் துவங்கும்போது தானாக எழுந்திருக்கும்படி எதையாவது அது நட்டுவைத்திருக்கிறதா என்று தெரியும். ப்ராசஸ் மானிட்டர் எந்த ஃபைலைத் தொட்டது, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் எந்த வரியை மாற்றியது என்று வரிவரியாகக் காட்டும். முதல் முறை பார்ப்பவருக்குத் தலை சுற்றும், கவலைப்படாமல் மூடிவிடலாம்.

ஏனென்றால் அதில் எதுவும் தப்பாகத் தெரியவில்லை என்பதை வைத்து நீங்கள் என்ன முடிவுக்கு வருவீர்களோ, அதுதான் என் கவலை. சோதனையில் பாஸ் ஆகிவிட்டது, இனி நிஜக் கணினியிலேயே இன்ஸ்டால் செய்யலாம் என்பீர்கள். செய்யாதீர்கள். தீநிரல் எழுதுபவர்களுக்கும் மெய்நிகர் கணினிகளைப் பற்றித் தெரியும். வர்ச்சுவல்பாக்ஸின் நெட்வொர்க் கார்டு முகவரி வழக்கமாக 08:00:27 என்று தொடங்கும். அதைப் பார்த்ததும் சாதுவாகிவிடும் நிரல்கள் உண்டு. மவுஸ் நகர்கிறதா என்று பார்ப்பவை, சில நாள் தூங்கிவிட்டு எழுபவை எல்லாம் உண்டு. சோதிக்கிறார்கள் என்று தெரிந்தால் பூனை சைவமாகிவிடும். மெய்நிகர் கணினி, சேதம் எங்கே விழ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். உள்ளே இருப்பது நல்லதா கெட்டதா என்று அதனால் சான்றிதழ் தர முடியாது.

உங்கள் விஷயத்தில் அந்தச் சான்றிதழே தேவையில்லை என்பதுதான் வசதி. உங்களுக்கு வேண்டியது அந்த மென்பொருளா? வேண்டியது மாற்றிய பதிவுகள் மட்டும்தானே! மொத்தப் பதிவுகளையும் உள்ளேயே மாற்றுங்கள். முடிந்ததும் மென்பொருளை மூடி, கெஸ்ட் அடிஷன்ஸைப் போட்டு, வெளியே புதிதாக ஒரு காலி ஃபோல்டர் உருவாக்கி, அதை மட்டும் பகிர்ந்து, ஒலி ஃபைல்களை மட்டும் அதில் எடுத்துப் போடுங்கள். உடனே பகிர்வை மூடுங்கள். அந்த ஃபோல்டரில் நீங்கள் போடாத ஏதாவது முளைத்திருந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள். அப்புறம் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால், அந்த மென்பொருள் உங்கள் நிஜக் கணினியில் ஒரு கணமும் ஓடியிருக்காது.

மெய்நிகர் கணினியை உடைத்துக்கொண்டு வெளியே வரும் நிரல்கள் உண்டா என்று அடுத்து கேட்பீர்கள். உண்டு. 2015இல் வெனம் என்று பெயரிடப்பட்ட ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. யாருமே பயன்படுத்தாத போலி ஃபிளாப்பி டிரைவின் நிரலில் பல வருடமாக ஒளிந்திருந்தது அது. ஆனால் அந்த அளவு ஓட்டைகள் கிடைத்தால் அதைப் பெரிய இடங்களில்தான் செலவழிப்பார்கள். உங்கள் பதிவுகளை மாற்ற வரும் ஜிப்பில் போட்டு வீணாக்க மாட்டார்கள். வர்ச்சுவல்பாக்ஸை அப்டேட் செய்து வைத்திருங்கள், போதும்.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன் படங்களையும் ஆவணங்களையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வைத்துவிடுங்கள். செருகியே இருக்கும் பேக்கப், மென்பொருளின் கைக்கு எட்டும் இன்னொரு டிரைவ்தான்.

கடைசியாக உங்கள் நண்பர். அவர் இதைத் தன் கணினியில் ஓட்டிப் பார்த்தாரா, இல்லை எங்கிருந்தோ வந்ததை அப்படியே அனுப்பினாரா என்று கேளுங்கள். ஓட்டியிருந்தால், ஹேஷை வைத்து வைரஸ்டோட்டலில் உங்களுக்குக் கிடைத்ததை அவருக்கும் சொல்லுங்கள். அதில் சிவப்பு நிறைய இருந்தால் அவர் கணினியின் இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கி இரண்டின் பாஸ்வேர்டுகளையும் மாற்ற வேண்டும், எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்று என்ற பொத்தானையும் அழுத்த வேண்டும். பாஸ்வேர்டு மாறினாலும் திருடிய குக்கி சில இடங்களில் செல்லுபடியாகும். அதன் பிறகுதான் விண்டோஸை முழுவதுமாகப் புதிதாக நிறுவுவது. டி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்து பார்க்கிறேன் என்று அவரும் சொன்னால், இந்தப் பதிலின் முதல் பகுதியைப் படிக்கக் கொடுங்கள்.